ஒரே கண், கேளாத காது: கண்புரை அறுவைக்கு எந்த வழி?

போன மாதம் குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒருவர் போனில் பேசினார். அவருடைய அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. "வர்ற ஞாயித்துக்கிழமை எங்க ஊரு பள்ளிக்கூடத்துல முகாம் போடுறாங்க. அதுலயே அனுப்பிடலாமா, இல்ல கடனை உடனை வாங்கியாவது பாண்டியில காசு கட்டிப் பண்ணிடலாமா அக்கா?" என்றார்.

இதே கேள்வியை இந்த வருடத்தில் என்னிடம் கேட்ட மூன்றாவது ஆள் அவர். நான் மருத்துவர் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் அத்தைக்காக இதே குழப்பத்தில் நான்கு மாதம் அலைந்தவள். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் அடுத்தவருக்காவது நாட்கள் மிச்சமாகும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அத்தைக்கு அப்போது 63 வயது. நெல்லிக்குப்பத்தை அடுத்த கிராமம். ஒன்பது வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது. பேசுவார், பேச்சு கொஞ்சம் குழறும். எதிரில் இருப்பவரின் வாயைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்வார். நாற்பது வயதை ஒட்டி, கரும்பு வெட்டும்போது தோகை இடது கண்ணில் அறுத்துவிட்டது. ஒரு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தைப் பத்து நாள் போட்டார்கள். கண் ஆறவில்லை, கருவிழியில் வெள்ளைத் தழும்பாகப் பூ விழுந்தது. பயிர்ப்பச்சை கீறிய கண்ணில் பூஞ்சைக் கிருமி பிடிக்கும், அந்த நேரத்தில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு போட்டால் அது இன்னும் வேகமாகப் பரவும் என்பதெல்லாம் எங்களுக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

மிச்சமிருந்த வலது கண்ணில் புரை வளரத் தொடங்கியதும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அத்தையிடம் யாரும் பேச முடியாமல் போனது. வாய் தெரியவில்லை. நாங்கள் இழந்தது அவருடைய பார்வையை மட்டும் இல்லை.

## முதலில்: திரும்பி வரக்கூடிய பார்வைதானா?

எங்கே செய்வது என்று யோசிப்பதற்கு முன்னால் இதற்குப் பதில் வேண்டும். புரை என்றால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போவது. அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பும். கண் நீர் அழுத்த நோயில் நரம்பு பட்டுப்போயிருந்தால் போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றத்தான் மருந்து. சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்தால் லேசரும் ஊசியும் பெரும்பாலும் மேலும் கெடாமல் நிறுத்தும்.

ஒரே ஆளுக்கு இவற்றில் இரண்டு சேர்ந்தே இருக்கலாம். புரை முற்றிய கண்ணில் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. அதனால் அழுத்தம் அளப்பதோடு, அல்ட்ராசவுண்டு ஸ்கேன் வைத்து விழித்திரை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். டார்ச் வெளிச்சத்தை நாலு பக்கமும் காட்டி, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி சின்னதாகத் தோன்றும். ஆனால் நரம்பு உயிரோடு இருக்கிறதா என்பதற்கு அதுதான் முதல் சாட்சி. கேட்டது அத்தையின் காதில் விழாததால் முதலில் போன இடத்தில் பதிலே சொல்லவில்லை. "வெளிச்சம் தெரியவில்லை" என்று சீட்டில் எழுதிவிட்டார்கள். நான் அவர் கையைப் பிடித்து, வெளிச்சம் வரும் பக்கம் விரலை நீட்டச் சொல்லிக் கொடுத்த பிறகு நாலு பக்கமும் சரியாகக் காட்டினார்.

## எதை வைத்து எடைபோடுவது

எல்லோரும் பணத்தில்தான் தொடங்குகிறோம். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். இப்போது கேட்டால் பணத்தைக் கடைசியில் வைப்பேன். வசதி இருக்கிறது என்பதால் சொல்லவில்லை. மற்றவற்றைப் பார்க்காமல் போனால் பணம் இரண்டு தடவை போகும்.

இருப்பது ஒரே கண்ணா என்பது முதல். அப்படியென்றால் சின்னத் தவறுக்கும் இடமில்லை. அனுபவமுள்ள மருத்துவர் செய்வாரா என்று வாய்விட்டுக் கேட்கவேண்டும். அடுத்தது, அறுவை மேசையில் அந்த ஆளால் என்ன முடியும், என்ன முடியாது: மல்லாந்து படுக்க முடியுமா, சொல்வது கேட்குமா, கை கால் நடுக்கம் உண்டா. மூன்றாவது, துணை ஆளை எதுவரை உள்ளே விடுவார்கள். நாலாவது, அறுவைக்குப் பிறகு ஏறக்குறைய ஆறு வாரம் சொட்டு போடுவது யார். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஆறு, எட்டு முறைகூடப் போடவேண்டியிருக்கும், பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். ஐந்தாவது, திரும்பத் திரும்பப் போய்வருவது. அதற்கப்புறம் பணம்.

## காத்திருப்பது

இதையும் ஒரு வழியாகவே எண்ணவேண்டும். பெரும்பாலான வீடுகளில் யாரும் முடிவெடுக்காமலேயே எடுக்கப்படும் முடிவு இது. "புரை நல்லா முத்தட்டும்", "ஆடி போகட்டும்", "வெயில் குறையட்டும்", "கரும்பு வெட்டு முடியட்டும்." எங்கள் வீட்டில் இந்த நாலும் சொல்லப்பட்டது. முற்றட்டும் என்பது பழைய முறை அறுவைக் காலத்துப் பேச்சு. இன்றைய முறைக்கு முற்றிய புரைதான் கஷ்டம். கல்லாக இறுகிய லென்ஸை எடுக்கப் பெரிய வெட்டு வேண்டும், கருவிழியின் உள்பக்கம் அடிபடும் வாய்ப்பும் கூடும். இன்னும் விட்டால் லென்ஸ் உப்பியோ கசிந்தோ கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடும். வலியும் வாந்தியுமாக ஓடவேண்டிவரும். அதில் நரம்பு போனால் பிறகு எந்த அறுவையும் பார்வையைத் தராது.

காத்திருப்பது சரியாக இருக்கும் சமயமும் உண்டு. புரை ஆரம்ப நிலையில் இருந்து, கண்ணாடி மாற்றினாலே அன்றாட வேலை நடக்கிறதென்றால் அவசரமில்லை. சர்க்கரையோ இரத்த அழுத்தமோ கட்டுக்குள் இல்லையென்றால் அதைச் சரிசெய்யும் வரை பொறுக்கலாம். கண்ணிலோ கண்ணீர்ப் பாதையிலோ சீழ் இருந்தால் பொறுத்தே ஆகவேண்டும்.

அத்தைக்கு நாங்கள் எட்டு மாதம் பொறுத்தோம். அந்த எட்டு மாதத்தில் அவர் முந்திரிப் பருப்புத் தோலுரிக்கும் வேலையை விட்டார், இருட்டில் வாசற்படியில் இரண்டு முறை விழுந்தார். அந்தச் செலவை யாரும் எழுதிவைக்கவில்லை.

## இலவச முகாம்

முகாம் என்றால் பள்ளிக்கூடத்து மேசையில் படுக்கவைத்து அறுப்பார்கள் என்று இன்னும் பலர் பயப்படுகிறார்கள். முகாமில் சோதனை மட்டும்தான். புரை உள்ளவர்களைப் பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அங்கேயுள்ள அறுவை அரங்கில் செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். சாப்பாடு, படுக்கை, லென்ஸ் எல்லாம் இலவசம்.

இலவசம் என்றால் மட்டமான மருத்துவர் என்ற பயமும் வேண்டாம். பாண்டியை அடுத்த தவளக்குப்பத்தில் 2003 முதல் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தாய் நிறுவனம் 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது. அங்கே காசு கட்டுகிறவர்களுக்கும் இலவசப் பிரிவுக்கும் அதே மருத்துவர்கள்தான் மாறி மாறி அறுவை செய்கிறார்கள். அதைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமிக்கு இளம் வயதிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களுக்குத் தோதாகக் கருவிகளைப் பழகிக்கொண்டு ஒரு லட்சத்துக்கும் மேல் கண்களை அறுத்தவர் அவர். "இந்த உடம்பை வச்சுக்கிட்டு எனக்கெதுக்கும்மா கண்ணு" என்று அத்தை அலுத்துக்கொண்ட நாளில் அவருடைய கைகளின் படத்தைத்தான் போனில் காட்டினேன். புரையின் ஊடாகத் தெரியவில்லை. பெரிதாக்கிக் காட்டினேன்.

முகாமின் மறைவான செலவு பணமில்லை, துணை. பல முகாம்களில் பஸ்ஸில் நோயாளிக்கு மட்டும்தான் இடம். நடக்கிற, கேட்கிற, ஒரு கண்ணாவது தெரிகிற ஆளுக்கு அது பெரிய குறையில்லை. அக்கம்பக்கத்துப் பாட்டிகள் நாலு பேர் சேர்ந்து திருவிழாவுக்குப் போவதுபோல் போய்வருகிறார்கள். கேளாதவரை, இருக்கும் ஒரு கண்ணையும் மூடி, அந்நியர் நடுவே ஒரு இரவு படுக்கவைப்பது வேறு. அவர் எங்கே இருக்கிறார் என்பதையே அவருக்குச் சொல்ல வழியிருக்காது. பெயர் எழுதும்போதே அமைப்பாளரிடம் "மாற்றுத்திறனாளி, துணைக்கு ஒருவர் வரவேண்டும்" என்று சொல்லுங்கள். ஒத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒத்துக்கொண்டால் இதைவிட நல்ல வழி இல்லை.

## அரசு மருத்துவமனையும் ஜிப்மரும்

கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கு வீட்டிலிருந்து ஒரே பஸ். அறுவைக்குப் பின் நாலைந்து தடவை காட்டப் போகவேண்டும் என்பதை நினைத்தால் பக்கத்தில் இருப்பதே பெரிய விஷயம். தேதி கிடைக்கக் காத்திருக்கவேண்டியிருக்கும்.

கோரிமேட்டில் உள்ள மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மருக்குக் கடலூரிலிருந்து பாண்டி பேருந்து நிலையம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். விடியற்காலையில் கிளம்பினால்தான் வரிசையில் முன்னால் நிற்கலாம். ஆனால் ஒரு வகை நோயாளிகளுக்கு நான் தயங்காமல் ஜிப்மரைத்தான் சொல்வேன்: இதயம், சிறுநீரகம், சர்க்கரை எல்லாம் சேர்ந்து கெட்டிருப்பவர்கள், மூச்சுத்திணறலால் மல்லாந்து படுக்க முடியாதவர்கள், நிற்காத நடுக்கம் உள்ளவர்கள், மனவளர்ச்சிக் குறையுள்ள பிள்ளைகள். இவர்களில் சிலருக்கு முழு மயக்கம் கொடுத்துத்தான் அறுவை செய்ய முடியும். எல்லாத் துறையும் ஒரே வளாகத்தில் இருப்பது அப்போது உயிரைக் காக்கும். எழும்பூர் கண் மருத்துவமனையைச் சிலர் சொல்வார்கள். 1819-ல் தொடங்கிய மூத்த நிறுவனம் அது. சாதாரணப் புரைக்குக் கடலூரிலிருந்து அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

மறைவான செலவு: நாட்கள். அத்தையோடு போகிற ஒவ்வொரு நாளும் அப்பாவுக்கோ எனக்கோ ஒரு நாள் சம்பளம் போகும். கூலி வேலை செய்கிற வீட்டில் இலவச அறுவைக்கும் இது ஒரு விலைதான்.

## அறக்கட்டளை மருத்துவமனையில் காசு கட்டும் பிரிவு

நாங்கள் கடைசியில் எடுத்தது இந்த வழி. பாண்டிச் சாலையில் ஒரு மருத்துவமனை. காரணம் ஏசி அறை இல்லை. முன்கூட்டியே பேசி, "இவருக்குக் காது கேட்காது, நான் அரங்க வாசல் வரை வருவேன், கட்டு அவிழ்க்கும்போது பக்கத்தில் இருப்பேன்" என்று கேட்டதற்கு அங்கேதான் சரி என்றார்கள். வேறு இடத்தில் இலவசமாகவே இந்தப் பதில் கிடைத்திருந்தால் அங்கேயே போயிருப்போம்.

வழிச்செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலூர்–பாண்டித் தடத்தில் தனியார் பஸ்கள் அதிகம். தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளி பாஸ் அவற்றில் செல்லாது. பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம் என்று நெரிசலில் நின்றுகொண்டு, அறுவை செய்த கண்ணில் யாருடைய முழங்கையாவது படுமோ என்று நடுங்கிக்கொண்டு வந்த முதல் நாளுக்குப் பிறகு ஆட்டோ வைத்துக்கொண்டோம். லென்ஸுக்குக் கொடுத்த பணத்தில் பாதிக்குமேல் ஆட்டோவுக்குப் போனது.

## தனியார் மருத்துவமனையும் காப்பீடும்

தேதி உடனே கிடைக்கும், காத்திருப்பு குறைவு, ஒரே மருத்துவரைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். வேலையை விடமுடியாத பிள்ளைகளுக்கு இது நிஜமான வசதி. ஆனால் பெரும்பாலான பாலிசிகளில் முதல் இரண்டு ஆண்டு கண்புரைக்குப் பணம் தரமாட்டார்கள், தந்தாலும் ஒரு கண்ணுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு இருக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், பாண்டிச்சேரியில் உள்ள அந்த மருத்துவமனையில் அந்த அறுவைக்கு அட்டை செல்லுமா என்று கிளம்புவதற்கு முன் கேட்டுவிடுங்கள். எல்லையைத் தாண்டினால் இரண்டு அரசு, இரண்டு விதி.

| | துணை ஆள் | போக்குவரத்து | கைச்செலவு | யாருக்குப் பொருத்தம் |
|---|---|---|---|---|
| முகாம் | கேட்டு வாங்கவேண்டும் | அவர்களே அழைத்துப் போவார்கள் | மிகக் குறைவு | நடக்க, கேட்க முடிந்தவர். மறு கண் ஓரளவு தெரிபவர் |
| அரசு, ஜிப்மர் | அவசியம் வேண்டும் | பஸ், பல நடைகள் | பணம் குறைவு, நாட்கள் அதிகம் | பல நோய் உள்ளவர். முழு மயக்கம் தேவைப்படுபவர் |
| அறக்கட்டளை, கட்டணப் பிரிவு | பேசினால் விடுவார்கள் | சொந்தச் செலவு | நடுத்தரம் | ஒரே கண். பேச்சு வழி தனியாக வேண்டியவர் |
| தனியார் | எளிது | சொந்தச் செலவு | அதிகம் | நேரம் இல்லாதவர். காப்பீடு உள்ளவர் |

## ஊசியா, சொட்டா?

இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களாகக் கேட்டுத்தான் தெரிந்தது. கண்ணை மரத்துப்போகச் செய்ய இரண்டு வழி உண்டு. சொட்டு மருந்து மட்டும் போட்டால் ஊசிக் குத்து இல்லை, அறுவை முடிந்ததும் பார்வை உடனே தெரியத் தொடங்கும். ஒரே கண் உள்ளவருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் கண் அசையும். "விளக்கைப் பாருங்க, அசையாதீங்க" என்று மருத்துவர் சொல்லிக்கொண்டே செய்வார். கேளாதவருக்கு அந்தக் குரல் போய்ச் சேராது.

கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டால் கண் அசைவது நின்றுவிடும், வலியும் தெரியாது. ஆனால் மருந்தின் வேகம் இறங்கும் வரை சில மணி நேரம் அந்தக் கண் தெரியாது. அத்தைக்கு அது முழு இருட்டு, முழு மௌனம்.

ஒரே கண் என்பது சொட்டை நோக்கி இழுத்தது, கேளாத காது ஊசியை நோக்கி இழுத்தது. அத்தையின் புரை பழுப்பேறி இறுகியிருந்தது, அறுவை நேரமும் கூடும். மருத்துவர் ஊசிதான் பாதுகாப்பு என்றார். எங்களுக்கும் அதுவே சரி என்று பட்டது. கேளாதவர், நடுக்கம் உள்ளவர், சொன்னதைப் புரிந்துகொள்ள முடியாதவர் யாராக இருந்தாலும் இதை மருத்துவரிடம் தனியாகப் பேசுங்கள்.

அந்த இருட்டுக்கு நாங்கள் ஒரு வாரம் முன்னாலேயே பழகினோம். அத்தை மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். கண்ணை மூடச்சொல்லி உள்ளங்கையில் விரலால் எழுதிப் பழக்கினேன். "ஊ" என்றால் ஊசி வருகிறது. "மு" என்றால் முடிந்தது. உள்ளங்கையை அழுத்திப் பிடித்தால் அசையாதே. இரண்டு தட்டு தட்டினால் நான் இங்கேதான் இருக்கிறேன். அரங்கில் இருந்த செவிலியருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தோம். அவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார். அறுவை முடியும் வரை அத்தையின் கையை அவர் விடவில்லை என்று பிறகு அத்தை சொன்னார்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டோம். மறுநாள் கட்டு அவிழ்த்தபோது எதிரில் நின்ற எல்லோர் முகத்திலும் மாஸ்க். வாயே இல்லை. அத்தை பயந்துவிட்டார். நான் சற்றுத் தள்ளி நின்று என் மாஸ்க்கை இறக்கிக் காட்டினேன். கேளாதவரை அழைத்துப் போகிறவர்கள் இதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

## எந்த முறை, எந்த லென்ஸ்

சிறு வெட்டு முறையில் 6, 7 மில்லிமீட்டர் வெட்டு, கையாலேயே புரையை எடுப்பார்கள். ஃபேக்கோ முறையில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான வெட்டு, கருவி புரையை உள்ளேயே உடைத்து உறிஞ்சும். பெரும்பாலும் இரண்டிலும் தையல் இல்லை. ஃபேக்கோவில் கண் சீக்கிரம் தெளியும். சிறு வெட்டில் கண்ணாடிப் பவர் கொஞ்சம் கூட வரலாம். ஆறு வாரம் கழித்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இருக்காது. நன்றாக இறுகிய புரைக்குச் சிறு வெட்டே பல மருத்துவர்களின் தேர்வு. ஃபேக்கோவை லேசர் என்று நினைத்து "லேசர்ல பண்ணாதான் நல்லது" என்று யாராவது அடம்பிடித்தால் இதைச் சொல்லுங்கள்.

லென்ஸ் விலைப்பட்டியல் நீட்டும்போதுதான் வீட்டில் சண்டை வரும். சில ஆயிரத்திலிருந்து லட்சத்துக்கு மேலும் போகும். வெளிநாட்டிலிருந்து மட்டும் வந்துகொண்டிருந்த லென்ஸை 1992 முதல் மதுரையில் ஆரோலேப் நிறுவனம் செய்யத் தொடங்கிய பிறகுதான் ஏழைகளுக்கும் அது எட்டியது. விலை குறைந்த லென்ஸ் குறைபாடுள்ள லென்ஸ் இல்லை. தூரமும் கிட்டமும் கண்ணாடி இல்லாமல் தெரியவைக்கும் விலையுயர்ந்த வகை, இரவில் விளக்கைச் சுற்றி வளையம் காட்டலாம், மங்கல் வெளிச்சத்தில் தெளிவைக் குறைக்கலாம். வாயசைவைப் படித்து வாழ்கிற ஒற்றைக் கண்ணுக்கு அந்தத் தெளிவுதான் எல்லாம். ஒரே தூரத்துக்கான சாதாரண மடக்கு லென்ஸ் போதும் என்று முடிவு செய்தோம். இன்னொன்றும் சொன்னோம்: "அவங்களுக்கு முக்கியமான தூரம், எதிரில் உட்கார்ந்து பேசுகிற தூரம்." அதற்கேற்றபடி மருத்துவர் பவரைச் சற்று மாற்றி வைத்தார். உங்கள் வீட்டு ஆளுக்கு எது முக்கியமான தூரம் என்பதை அளவு எடுக்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். தையல் மெஷினா, ஆடு மேய்க்கும் காடா, சக்கர நாற்காலியிலிருந்து தெரியும் தரையா என்று.

கிருமி பற்றிய பயம் எல்லோருக்கும் உண்டு. அரவிந்த் மருத்துவமனைகளில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களை வைத்துப் பார்த்து 2017-ல் வெளியான ஆய்வில், அறுவையின் முடிவில் கண்ணுக்குள்ளேயே மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்திய பிறகு கடும் கிருமித் தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகக் குறைந்தது. நீங்கள் போகிற இடத்திலும் இப்படிச் செய்கிறார்களா என்று கேட்கலாம், கேட்பதில் தவறில்லை. வீட்டுக்கு வந்தபின் வலி, சிவப்பு, பார்வை மங்கல் வந்தால் காலை வரை பொறுக்காமல் அன்றே போகவேண்டும். எந்த வழியைத் தேர்ந்தாலும், இரவில் போன் செய்ய ஒரு எண் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

## பூ விழுந்த கண்ணுக்குக் கருவிழி மாற்றா, அப்படியே விடுவதா?

வலது கண் தெளிந்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஆசை வந்தது. இடது கண்ணையும் சரிசெய்துவிடலாமே. இறந்தவர் தானம் தந்த கருவிழியைத் தைத்து வைப்பது நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கிற அறுவை. 1905-ல் முதன்முதலாக வெற்றி கண்டது. புரை அறுவை மாதிரி ஒரு தடவையோடு முடிவதில்லை என்பதுதான் வித்தியாசம். தையல்களை மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிப்பார்கள். உடம்பு அந்நியக் கருவிழியை ஏற்காமல் போகலாம். அதைத் தடுக்கச் சொட்டு மருந்தைப் பல மாதம், சிலருக்கு வருடக்கணக்கில் நிறுத்தக்கூடாது. அந்தச் சொட்டே அழுத்தத்தை ஏற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். தழும்புக்குள் இரத்தக் குழாய்கள் ஓடியிருந்தால் ஏற்காமல் போகும் வாய்ப்பு அதிகம்.

அத்தையின் பூவில் குழாய்கள் ஓடியிருந்தன. வலது கண் நன்றாகத் தெரிகிறது. ஒரு வருடம் மாதாமாதம் அலைந்து, தோற்றுப்போகவும் கூடிய ஒன்றை இப்போது செய்யவேண்டாம் என்று அவரே சொன்னார். அந்த முடிவில் எங்களுக்கு வருத்தமில்லை.

எதிர்ப்பக்கம் நிற்பவர்களும் உண்டு. இரண்டு கண்ணிலும் தழும்பு, வயது குறைவு, நரம்பும் விழித்திரையும் நன்றாக இருக்கிறது, சொட்டு போடவும் கூட்டிப்போகவும் ஆள் இருக்கிறது என்றால் கருவிழி மாற்றுதான் சரி. குழந்தைக்குப் பூ விழுந்திருந்தால் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடக்கூடாது. சின்ன வயதில் ஒளி புகாத கண்ணின் வழியாகப் பார்க்க மூளை பழகாமலே போய்விடும். பிறகு கருவிழியை மாற்றினாலும் பார்வை சரியாக வராது.

இடது கண்ணுக்காக நாங்கள் செலவழித்தது ஒன்றே ஒன்று: உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி. கரும்புக் கொல்லைக்கோ விறகு உடைக்கவோ அதில்லாமல் போகக்கூடாது. இருப்பது ஒரே கண்.

## "பார்வை வந்துட்டா பென்ஷன் போயிடுமா?"

மாற்றுத்திறனாளி உதவித்தொகை பற்றிய இந்தக் கேள்வியைத் தாழ்ந்த குரலில்தான் கேட்கிறார்கள். அந்தப் பணத்தில்தான் அரிசி வாங்குகிறார்கள் என்பதால் கேட்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பார்வைக் குறைபாட்டுச் சதவீதத்தை, சிகிச்சையும் கண்ணாடியும் கொடுத்த பிறகு கிடைக்கும் பார்வையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அறுவையால் சரியாகக்கூடிய புரைக்கு நிரந்தரச் சான்றிதழ் எதிர்பார்ப்பது நிற்காது. ஒரு கண் முழுதும் போய், மறு கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பெரும்பாலான சலுகைகளுக்கு வேண்டியது 40. அத்தைக்குக் காது கேளாமைக்கான சான்று தனியாக இருக்கிறது. கண் தெளிந்ததால் அது மாறாது. கால், காது, கை என்று வேறு காரணத்துக்குச் சான்று வைத்திருப்பவர்கள் இந்தப் பயத்தில் புரையைத் தள்ளிப்போடவேண்டாம்.

பார்வை திரும்பாது என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு வழி வேறு. குறைபார்வைப் பிரிவில் உருப்பெருக்கிக் கண்ணாடிகள் தருவார்கள். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் தமிழிலேயே படித்துச் சொல்லும். வெள்ளைக் கோல் பிடித்து நடக்கப் பயிற்சி உண்டு. ஒரு மருத்துவமனை மாற்றி இன்னொன்று என்று வருடங்களைக் கரைப்பதைவிட, இரண்டாவது மருத்துவரும் அதையே சொன்ன நாளிலேயே இவற்றைத் தொடங்கிவிடலாம். கண்ணோடு காதும் போனவர்களுக்கு டாக்பேக் உதவாது. அவர்களுக்கு உள்ளங்கை எழுத்தும் தொடுமொழியும்தான். 2016 சட்டம் அதைத் தனியாகவே, பல்வகை ஊனத்தில் ஒன்றாகக் கணக்கில் எடுக்கிறது.

## குறிஞ்சிப்பாடிக்காரருக்குச் சொன்னது

அவருடைய அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை, காது கேட்கும், மல்லாந்து படுப்பார், செயற்கைக்கால் மாட்டி நடப்பார். மறு கண் ஓரளவு தெரிவதால் ஒரு கண்ணுக்கு முகாம் தாராளமாகப் போதும், கடன் வேண்டாம் என்றேன். ஆனால் சர்க்கரையால் கால் எடுத்தவரின் விழித்திரையை முதலில் பார்த்தே ஆகவேண்டும். முகாமில் புரை என்று எழுதிக்கொடுத்தாலும், மருத்துவமனையில் விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். பஸ் படிக்கட்டு உயரம், கழிவறை இந்திய முறையா மேற்கத்திய முறையா என்பதையும் அமைப்பாளரிடம் கேட்கச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார்.

"அப்புறம், சொட்டு யார் போடுவாங்க?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அவரும் மனைவியும் காலை ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விடுகிறார்களாம். அப்பா பகல் முழுக்கத் தனியாகத்தான் இருக்கிறாராம்.

"பக்கத்து வீட்டுல கேட்டுட்டு, சாயங்காலம் கூப்புடறேன் அக்கா" என்றார்.